ககனேந்திரநாத தாகூரின் கல்லச்சுக் கேலிச் சித்திரங்கள்

தாகூர் என்ற மாத்திரத்தே நம்மவர் உள்ளத்தில் எழுவது கவியரசர் இரவீந்திரநாதரின் உருவமேயாம். அவருடைய ஒன்றுவிட்ட தமையனாராகிய குணேந்திரநாதரின் மைந்தர் ககனேந்திரநாதரை (1867–1938) அறிந்தார் நம்மிடையே மிகச் சிலர். ஓவியத் துறையிலும் இளவல் அவனீந்திரநாதரின் புகழே இவரை மறைத்து நின்றது. எனினும், தம் காலத்துச் சமுதாயத்தை எள்ளி நகையாடிய கலைஞருள் இவர்க்கு இணையானவரை இந்தியாவிற் காண்டல் அரிது.

கல்கத்தாவில் ஜோராசாங்கோ இல்லத்திலேயே கல்லச்சுப் பொறியொன்றை அமைத்து, 1917ஆம் ஆண்டில் 'விரூப வஜ்ரம்', 'அற்புத லோகம்' என்னும் தொகுதிகளையும், 1921இல் 'நவ ஹுல்லோட்' என்பதனையும் வெளியிட்டார். கல்லச்சு என்பது யாதெனின், வழவழப்பாக்கிய சுண்ணாம்புக் கல்லின்மீது கொழுப்புக் கலந்த கோலால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து, மையுருளையை ஓட்டுதலாம். நீர் பட்ட இடம் மையை ஏலாது. கொழுப்புப் பட்ட கோடு அதனைப் பற்றும். செதுக்குவோன் இடையில் நில்லாமையின், ஓவியன் கைக்கோடு அவ்வண்ணமே தாளில் விழும். சினத்துடன் வரைவோனுக்கு இதனினும் ஏற்ற கருவி இல்லை.

மேனாட்டு உடை தரித்து மயங்கும் வங்கக் கனவான், மாணாக்கரை அரைக்கும் ஆலையாகிய பல்கலைக்கழகம் எனப் பலவும் அவர் கோலுக்கு இலக்காயின. லாம்பு வெளிச்சத்திற் கற்று வெளிவாரிப் பட்டம் பெற்ற எம்மனோர்க்கு அவ்வாலைப் படம் நகைப்போடு சிறிது எரிச்சலையும் தருதல் இயல்பே. பஞ்சாபில் 1919இல் நிகழ்ந்த படுகொலையையும் அவர் விட்டாரல்லர்.

ஆயினும், அவற்றுள் தலையாயது சாதித் திரிகைப் படமே. பெருந் திரிகைக் கல்லின்மேல் அந்தணர் அமர்ந்திருக்க, அடியில் மனிதர் நசுங்குகின்றனர். உழுந்தும் பயறும் உடைத்த திரிகையை நம் முன்னோர் வீடுகளிற் கண்டவர்க்கு இதற்கு உரை வேண்டா. மேற்கல்லின் பாரமே கீழுள்ளதை நொறுக்குகின்றது. வரைந்தவரோ பிராமண குலத்தினர், நிலவுடைமைச் செல்வர். அவர் குடும்பம் 'பிராலி' எனப் பிற பிராமணரால் ஒதுக்கப்பட்டதொன்றாகலின், மேற்கல்லின் இருப்பையும் ஒதுக்கலின் நோவையும் ஒருங்கே அறிந்திருந்தார் எனலாம். 1968இல் மாவிட்டபுரக் கோயில் வாயிலில் நிகழ்ந்தவற்றை அறிந்த நாம், அத்திரிகை வங்காளத்துக்கே உரியதென்று சொல்லி அப்பாற் செல்லுதல் இயலாது.

இவ்விடத்து மெக்சிக்கோ நாட்டு ஹொசே குவாதலூப்பே போசாதாவை (1852–1913) ஒப்புநோக்குதல் தகும். அவரும் கல்லச்சிற் பயின்றவரே. பின்னர் உலோகத் தகடுகளிற் செதுக்கினார். செல்வரையும் வறியரையும் எலும்புக்கூடுகளாகவே வரைந்த அவர் படங்கள், வனேகாஸ் அரோயோ என்பாரின் அச்சகத்திலிருந்து மலிவான துண்டுத் தாள்களாகத் தெருவில் விலைப்பட்டன. அவர் வறுமையிலேயே இறந்தார். 1920களிலேதான் ஓவியர் அவரை மீண்டுங் கண்டனர். ககனேந்திரரின் தொகுதிகளோ பெரும்பாலும் கற்றோர் கூடத்தையே சென்றடைந்தன. இதனைக் குறையென்பாருமுளர். யாம் அங்ஙனங் கொள்ளோம். நசுங்குவோனுக்குத் திரிகையைப் படமெழுதிக் காட்ட வேண்டுவதில்லை. மேலிருப்போனுக்கே காட்டல் வேண்டும். அவனோடு ஒரே கூடத்தில் அமர்ந்து உண்பவர் காட்டும்போது அவனால் அதனை எளிதிற் புறந்தள்ளல் ஆகாது. ஆனால், அக்கனவான்கள் நகைத்தபின் கல்லைவிட்டு இறங்கினரா என்பது வேறு வினா.

1921க்குப் பின்னர் அவர் கருத்து வேறு திசையிற் சென்றது. ஒளியும் நிழலும் கோணங்களாய் உடையும் கனவடிவ ஓவியத்தில் ஈடுபட்டார். 1930இற் பக்கவாதம் தாக்கியது. அதன்பின் வரைதல் இயலாதவராய் எட்டாண்டுகள் வாழ்ந்து, 1938 பெப்ரவரி 14ஆந் திகதி காலமானார்.