படிவுத் தடுப்பி

படிவுத் தடுப்பி என்பது நீரில் கரைந்துள்ள கனிம உப்புகள் கொதிகலன், குளிர்விப்புக் கோபுரம், எதிர்ச் சவ்வூடுபரவல் சவ்வு முதலியவற்றில் படிந்து இறுகுவதைத் தடுக்கச் சேர்க்கப்படும் வேதிப்பொருள் ஆகும்.

கடின நீரைச் சூடாக்கும்போது அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட்டு சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. இப்படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. இதனால் எரிபொருள் வீணாவதுடன், கொதிகலன் குழாய்கள் மிகையாகச் சூடேறி வெடிக்கவும் கூடும்.

தடுப்பிகள் கால்சியத்தை நீரிலிருந்து நீக்குவதில்லை. நுண்படிகங்களின் பரப்பில் ஒட்டி அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. ஆகவே பெரும்பாலும் லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவே போதுமானது. பாலிபாசுபேட்டுகள், பாசுபோனேட்டுகள், பாலி அக்ரிலிக் அமிலம் ஆகியன பரவலாகப் பயன்படுகின்றன.

பாசுபரசு கலந்த கழிவுநீர் நீர்நிலைகளில் பாசிப் பெருக்கத்தைத் தூண்டக்கூடும். பாசுபரசு அற்றதும் உயிரியற் சிதைவுக்கு உட்படுவதுமான பாலி அசுபார்டிக் அமிலத்தின் தயாரிப்பு முறைக்கு 1996 இல் ஐக்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பசுமை வேதியியல் விருது வழங்கப்பட்டது.