மகிழுந்தின் உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டம்



சென்ற பள்ளி விடுமுறையில் என் தந்தையார் விட்டுச்சென்ற பழைய புரோட்டோன் சாகாவின் உட்புறத்தைத் துப்புரவு செய்யலாம் என்று இறங்கினேன். கடையில் பளபளவென்று மின்னும் நீர்மம் ஒன்று கண்ணில் பட்டது. பூசினால் பழைய வண்டி புதிய வண்டியாகும் என்று கடைக்காரர் உறுதி கூறினார். முகப்புப் பலகை, இருக்கை, கதவு எல்லாவற்றிலும் பூசினேன். கை அத்தோடு நிற்கவில்லை, திசைதிருப்பியிலும் பூசிவிட்டேன். மறுநாள் காலை மகளை ஏற்றிக்கொண்டு பத்து காஜாவிலிருந்து கோப்பேங் சாலையில் சென்றபோது, ஒரு வளைவில் திசைதிருப்பி என் உள்ளங்கையிலிருந்து வழுக்கிற்று. எதிரே மண் லாரி. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தியபடியே ஒதுங்கிச் சென்றதால் இன்று இதை எழுதுகிறேன். மகள் ஒன்றும் பேசவில்லை. பள்ளி வாசலில் இறங்கும்போது மட்டும், "தாத்தா இதெல்லாம் பூச மாட்டாரே அப்பா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன். வண்டியின் உட்புறம் எதனால் ஆனது என்று தெரியாமல் எதைக் கொண்டு துடைப்பது என்று தீர்மானிக்க இயலாது. எதனால் ஆனது என்று தேடப்போனால், கதை நம் தோட்டப்புறத்திற்கே வந்து நிற்கிறது.

தொடக்க கால மகிழுந்துகள் குதிரை இல்லாத குதிரை வண்டிகளே. இருக்கைக்குத் தோல், அதைத் துடைக்கக் குதிரைச் சேணத்திற்குப் பயன்பட்ட சோப்பும் எண்ணெயும். தோல் விலை மிகுந்தது. ஆகவே துணியின்மேல் நைட்ரோசெல்லுலோசைப் பூசித் தோல் போலத் தோற்றமளிக்கச் செய்தார்கள். அப்படி இங்கிலாந்தில் உருவான வணிகப் பெயர்களுள் ஒன்றுதான் ரெக்சின். நாம் இன்றும் எந்தப் போலித் தோலையும் ரெக்சின் என்கிறோம். பெயர் நிலைத்தது, பொருள் மாறிவிட்டது. 1926-இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் என்பவர், உலோகத்தோடு ரப்பரை ஒட்டும் பசையைத் தேடும் முயற்சியில், விறைப்பான பி.வி.சி. நெகிழியை வளையும் பொருளாக மாற்றும் வழியைக் கண்டார். அதனோடு கலக்கும் இளக்கிப் பொருளே அதற்கு மென்மையைத் தருகிறது. பிற்காலத்தில் முகப்புப் பலகையும் இருக்கை உறையும் பெரும்பாலும் இதனாலேயே ஆயின.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்த இளக்கி அங்கேயே தங்கியிருப்பதில்லை. வெயிலில் நிறுத்திய வண்டியின் முகப்புப் பலகை 70 பாகை செல்சியசையும் தாண்டிச் சூடேறும். இளக்கி சிறுகச் சிறுக ஆவியாகி முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் மெல்லிய புகைப்படலமாகப் படியும். புதிய வண்டியின் மணம் என்று நாம் விரும்பி முகரும் வாசனையிலும் அதன் பங்கு உண்டு. இளக்கி குறையக் குறையப் பலகை விறைத்து, புறஊதாக் கதிரும் சேர்ந்து தாக்க, வெடிக்கிறது. என் சாகாவின் முகப்பில் ஆற்றுப்படுகை போல ஓடும் வெடிப்புகளுக்குக் காரணம் இதுவே. எந்த நீர்மத்தைப் பூசினாலும் வெடித்தது சேராது.

இனி ரப்பருக்கு வருவோம். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டதை நாலாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். 1888-இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்தை உருவாக்கினார். 1908-இல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. மகிழுந்து பெருகப் பெருகப் பால்மரமும் பெருகிற்று. பத்து காஜா அருகே கெல்லி ஸ்மித் தம் தோட்டத்தில் மாளிகை எழுப்பியதும், 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்தபின் அது முற்றுப்பெறாமல் நின்றதும் அந்தக் காலத்துக் கதைதான். மாளிகையைக் காண நாள்தோறும் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். பால் வெட்டியவர்களின் லயங்களைக் காண யாரும் வருவதில்லை. சரி, அது வேறு கட்டுரை.

சக்கரத்திற்கு மட்டும்தான் பால் போயிற்று என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது தவறு. 1929-இல் டன்லப் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ரப்பர்ப் பாலை முட்டை அடிப்பது போல நுரைக்க அடித்து, கெட்டிப்படுத்தி, மெத்தை செய்யக் கண்டார்கள். அந்த நுரை பின்னர் மகிழுந்து இருக்கைகளுக்குள்ளும் புகுந்தது. பால் கெட்டுப்போகாமல் கப்பலேற அம்மோனியா கலப்பார்கள். பால் ஸ்டோர் பக்கம் போனாலே மூக்கைத் துளைக்கும் அந்த நெடியைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். அதே அம்மோனியா இன்று கண்ணாடி துடைக்கும் நீர்மங்கள் சிலவற்றில் இருக்கிறது. வெறும் கண்ணாடிக்குக் கேடில்லை. கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடியில் தெளித்தாலோ நாளடைவில் தாளின் பசை கெட்டுக் குமிழ் குமிழாக எழும். நம் ஊரில் தாள் ஒட்டாத வண்டியைக் காண்பது அரிது. ஆகவே குப்பியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

என் தந்தையார் முதலில் பால்வெட்டுத் தொழிலாளி; பிறகு தோட்ட நிர்வாகியின் பெஜோ வண்டிக்கு ஓட்டுநர். பெஜோவின் கதவோர ரப்பர்ப் பட்டைகளை ஈரத்துணியால் மட்டுமே துடைப்பார். ஒருமுறை நான் மண்ணெண்ணெய் எடுத்து வந்தபோது, "கையில ஒட்டுன ஒட்டுப்பால எதால எடுக்குறோம் தம்பி?" என்று கேட்டார். மண்ணெண்ணெய் என்றேன். "அப்ப இதையும் அது தின்னுடாதா?" என்றார். வேதியியல் படிக்காதவர் சொன்ன அவ்விடை முற்றிலும் சரி. பெட்ரோலிய எண்ணெய்கள் இயற்கை ரப்பரை ஊதவைத்து இளக்கும். பளபளப்பு நீர்மங்களுள்ளும் சில அத்தகைய கரைப்பான்களில் கலந்தவை. சில நீரில் கலந்தவை. பின்னதே உட்புறத்திற்கு ஏற்றது.

இந்த நீர்மங்களின் முன்னோடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1962-இல் அமெரிக்க வேதியியலாளர் ஜோ பால்ச்சர், ரப்பரையும் வினைலையும் ஓசோனும் வெயிலும் அரிக்காமல் காக்க ஒரு கலவையை உருவாக்கி, 'டிரிட்-ஆன்' என்று பெயரிட்டார். ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'அழுக்கில்லை' என்று பொருள் வரும். (என் மாணவர்களிடம் சொன்னேன், அன்று முழுதும் எல்லார் பெயரையும் திருப்பிப் படித்தார்கள்.) 1972-இல் அது ஆர்மர் ஆல் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இவ்வகை நீர்மங்களில் பலவற்றுக்கும் பளபளப்பைத் தருவது சிலிக்கோன் எண்ணெய். அதுவே வழுக்கலையும் தருகிறது. திசைதிருப்பி, மிதிகட்டைகள், பல்லிணை மாற்றி இவற்றில் பூசக்கூடாது என்று குப்பியிலேயே அச்சிட்டிருந்தது. கண்ணாடி அணிந்தும் நான் படிக்கவில்லை. பிள்ளைகளுக்கு வினாவைப் படித்துவிட்டு விடை எழுதுங்கள் என்று தினமும் சொல்பவன் நான்.

தோலிருக்கை உடையவர்களுக்கு ஒரு சொல். இக்காலத்து மகிழுந்துத் தோலின்மேல் பெரும்பாலும் நெகிழிப் பூச்சு இருக்கும். எண்ணெய் உள்ளே போகாது, பிசுக்காகவே நிற்கும். மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். கிருமிநாசினியும் வேண்டாம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய பிறகு, எல்லாரையும் போல நானும் சாராயம் கலந்த கைத்தூய்மியை வண்டிக்குள் தெளித்தேன். பல்லிணை மாற்றியின் தலையில் வெள்ளைத் திட்டுகள் விழுந்தன, இன்னும் போகவில்லை. வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்ததில் இருக்கையெங்கும் பூஞ்சணம் வேறு. அதற்கு எந்த நீர்மமும் வாங்கவில்லை. காலை வெயிலில் நான்கு கதவுகளையும் திறந்து வைத்து, தூசு உறிஞ்சியால் இழுத்து, சோப்பு நீரில் துடைத்து, நன்றாக உலரவிட்டேன். உலர்த்துவதுதான் முதன்மை, நம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் அரைகுறையாக உலர்ந்தால் ஒரே வாரத்தில் திரும்ப வரும்.

மகளின் கேள்விக்குத் திரும்புகிறேன். தாத்தா என்ன பூசினார்? ஒன்றும் பூசவில்லை. மர நிழலில் நிறுத்துவார்; நிழல் கிடைக்காத இடத்தில் முகப்பின்மேல் பழைய நாளிதழை விரிப்பார்; ஞாயிறுதோறும் ஈரத்துணி, பின் உலர்துணி. அவர் கைகள் ஓய்ந்த பிறகு நான் தான் வெயிலில் போட்டேன்.

வழுக்கலை நீக்க, பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் திசைதிருப்பியை மூன்று முறை துடைத்தோம். மகள்தான் விரலால் தேய்த்துப் பார்த்து ஒப்புதல் தந்தாள். அன்றே பின்னிருக்கையைத் தூக்கினேன். அடியில் மஞ்சள் தூள் கொட்டியது. அது ரப்பர் நுரையன்று. பின்னாளில் ரப்பர் நுரையின் இடத்தைப் பிடித்த பாலியூரித்தேன் நுரை. சூட்டிலும் ஈரத்திலும் முதிர்ந்தால் அது இப்படி உதிரும்.

ஈப்போவில் குஷன் தைக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். "ஸ்பாஞ்சா, லேடெக்ஸா சார்? லேடெக்ஸ் விலை கூட" என்றார் கடைக்காரர். பையில் இருந்த பணத்தை எண்ணிப் பார்த்தேன். பின்னிருக்கைக்கு ஸ்பாஞ்ச் போடச் சொன்னேன். தந்தையார் உட்கார்ந்து ஓட்டிய முன்னிருக்கைக்கு மட்டும் லேடெக்ஸ்.