இருட்டில் கேட்பது

நண்பர் ஒருவர் கவிதை வாசித்த டேப் என்னிடம் இருக்கிறது. நாற்பது நிமிஷம். அவர் இப்போது இல்லை. அதைச் சரியாகக் கேட்க வேண்டும் என்றுதான் ஸ்பீக்கர் வாங்கப் போனேன். கடைக்காரர் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். ஒன்றில் குரல் நெருங்கி வந்தது, மற்றதில் தள்ளி நின்றது. எது அவர் குரல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபது வருஷப் பழக்கம். வெட்கமாக இருந்தது.

இந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1915 முதல் 1925 வரை எடிசனின் கம்பெனி அமெரிக்க நகரங்களில் 'டோன் டெஸ்ட்' என்ற பெயரில் கூட்டங்கள் நடத்தியது. மேடையில் ஒரு பாடகி, பக்கத்தில் ஃபோனோகிராஃப். பாட்டின் நடுவே பாடகி வாயை மூடிக்கொள்வார், இசைத்தட்டு தொடரும். விளக்கை அணைப்பார்கள். மறுபடி வெளிச்சம் வரும்போது பாடகியைக் காணோம், பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருக்கும். சபை பிரமித்தது. இத்தனைக்கும் அவை மைக் இல்லாமல், கூம்புக்குள் பாடிப் பதிவு செய்த தட்டுகள். கீழ் ஸ்தாயியிலும் உச்சத்திலும் நிறைய ஒலி அவற்றில் ஏறவே இல்லை. பின் எப்படி ஏமாந்தார்கள்? அந்த மேடைகளில் பாடிய ஆனா கேஸ் பல வருஷம் கழித்து ஒப்புக்கொண்டார்: பெட்டியின் குரலுக்குத் தக்கபடி தன் குரலை மாற்றிக்கொண்டாராம். மூலம்தான் பிரதியைப் பார்த்துப் பாடியிருக்கிறது.

இன்றைய கூம்பு ஸ்பீக்கர்களின் வம்சம் 1925இல் ரைஸ், கெல்லாக் இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குகிறது. அதைத் தாண்டி, 1954இல் எட்கர் வில்ச்சர் செய்த காரியம் எனக்குப் பிடித்தமானது. அதுவரை கனத்த கீழ்ஸ்வரம் வேண்டுமென்றால் அலமாரி அளவு பெட்டி வேண்டும். அவர் சின்னப் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக்கினார். அவருடைய ஏ.ஆர். கம்பெனியும் நேர் வாசிப்பையும் பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டது, நால்வர் குழு ஒன்றை வைத்து. ஆனால் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அது வைத்திருந்த அறையில் யாரும் உட்கார்ந்து கேட்கலாம், அங்கே விற்பனை கிடையாது. நம் ஊர்க் கடைகளில் இப்படி ஒன்றை நினைத்துப் பார்க்கவே கஷ்டம்.

1994இல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் ஹார்மன் கம்பெனி ஊழியர்களையே உட்காரவைத்துச் சோதித்தார்கள். பார்த்துக் கேட்டபோது விலைகூடிய பெரிய பெட்டிகள் மேலே போயின, மலிவான சிறிய ஒன்று கீழே தள்ளப்பட்டது. திரை போட்டதும் இடைவெளி சுருங்கிவிட்டது. எடிசன் ஏமாற்றுவதற்கு உபயோகித்த இருட்டு, இவர்களுக்கு ஏமாறாமலிருக்க உதவியது.

மறுநாள் கடைக்குப் போய், இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவில் வைக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். நெருங்கி வந்த குரலின் நெருக்கம் போய்விட்டது. அது கொஞ்சம் உரக்க ஒலித்திருக்கிறது, அவ்வளவுதான். மிச்சமிருந்த ஒரே வித்தியாசம், ஒன்றில் 'ச' வரும்போதெல்லாம் மெல்லிய சீழ்க்கை. அது அவர் பல்லினுடையதா, அன்றைய மைக்கினுடையதா? எனக்கு ஞாபகமிருப்பதும் அவர் குரல்தானா, பலமுறை போட்டுக் கேட்ட இந்த டேப்பா?

சீழ்க்கை உள்ளதையே வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி வந்து, நாற்பது நிமிஷமும் கேட்டார். குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் ஓடுவது எங்கள் வீட்டு ஃபேன் என்றார்.