மரக்கப்பல் மாதிரிகளும் மலாயாத் தமிழரின் கடல்வழி வரலாறும்

முன்னுரை

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் திரிங்காப் முதலிய ஊர்களையும் அம்மலையின் தேயிலைத் தோட்டங்களையும் காண்போர்க்குக் கடல் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும், அங்கு வாழும் தமிழருள் பெரும்பாலோரின் குடும்ப வரலாறு ஒரு கப்பற் பயணத்திலிருந்தே தொடங்குகிறது. முன்னோரை ஏற்றி வந்த கப்பல் எத்தகையது, எதனால் ஆனது, எவ்வளவு பெரியது என்று மாணவர் வினவினால் தெளிவான விடை கூறுவது எளிதன்று. பொழுதுபோக்குக் கலையாக மட்டுமே கருதப்பட்டு வரும் மரக்கப்பல் மாதிரி செய்தல், இவ்வினாக்களுக்கு விடை காண எவ்வாறு துணைபுரியும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மாதிரியும் வரலாற்றுச் சான்றும்

மரம் அழியும் தன்மையது. தமிழர் கட்டிய பழங்கப்பல்களைப் பற்றி அறிய இலக்கியக் குறிப்புகளையும், அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த கப்பல் கோட்டுருவம் பொறித்த பானையோடு போன்ற சில தடயங்களையுமே நாம் பெரிதும் சார்ந்துள்ளோம். இத்தகைய நிலையில் மாதிரிகள் தனி மதிப்புப் பெறுகின்றன.

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரி (1806–1893) உலகப் பயணங்களின்போது ஐரோப்பியர் அல்லாதாரின் படகுகளை அளந்து வரைந்து, 1840களில் நூலாக வெளியிட்டார். சோழமண்டலக் கரையின் கட்டுமரமும் சலங்கும் அதில் இடம்பெற்றன. 1871இல் பாரிசிலுள்ள கடற்படை அருங்காட்சியகத்தின் காப்பாளரான அவர், தம் வரைபடங்களைக் கொண்டு மாதிரிகளையும் செய்வித்தார். தாளில் தட்டையாக இருந்த உருவம் கனவடிவம் பெற்றபோது, ஒரு படகின் வளைவும் பொருத்தும் ஐயமின்றி விளங்கலாயின.

நம் காலத்திலும் இதற்குச் சான்றுகள் உள்ளன. போரோபுதூர்ச் சிற்பத்தை அடிப்படையாகக் கொண்டு இந்தோனேசியாவில் கட்டப்பட்ட 'சமுத்ரா ரக்ஷா' 2003–2004இல் ஆப்பிரிக்கா வரை சென்றது. கங்கேயான் தீவின் மரபுவழிக் கப்பல் தச்சர் அதனை எழுத்து வடிவத் திட்டம் ஏதுமின்றி, ஒரு மென்மர மாதிரியைப் பார்த்தே கட்டினார். அசந்தா ஓவியத்தை அடியொற்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்து உருவாக்கப்பட்ட 'கௌண்டின்யா' 2025 மே மாதம் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதன் நீரியக்கம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் துறையினரால் மாதிரி கொண்டு சோதிக்கப்பட்டது.

1834ஆம் ஆண்டின் அளவுகள்

திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தலைமைக் கப்பல் தச்சராகப் பணியாற்றிய ஜான் எடி, சோழமண்டலம், மலபார், இலங்கைக் கரைகளின் கலங்களைப் பற்றி 1834இல் எழுதிய கட்டுரை மாதிரி செய்வோர்க்கு அரிய கருவூலமாகும். தோணி என்னும் வணிகக் கலத்திற்கு அவர் தரும் அளவுகள்: நீளம் 70 அடி, அகலம் 20 அடி, ஆழம் 11 அடி. அதன் அடிப்பாகம் தட்டையானது. மிக அகன்ற இடத்தில் 7 அடி. சுமையின்றி ஏறத்தாழ 4 அடியும் சுமையுடன் 9 அடியும் நீரில் அமிழும். பாய்மரம் ஒன்றே.

இதனை 48இல் ஒரு பங்காகச் சுருக்கினால் மாதிரியின் நீளம் பதினேழரை அங்குலம், அகலம் 5 அங்குலம், அடித்தட்டு ஒன்றேமுக்கால் அங்குலம் ஆகும். இவ்வளவுகளில் மரத்தைச் செதுக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். எடி இக்கலத்தை வடிவற்றது என்று இகழ்ந்துரைக்கிறார். ஆனால் ஆழமற்ற மன்னார்க் கடலில் பொதி ஏற்றிச் செல்ல வேண்டிய கலத்திற்குத் தட்டையான அடியே பொருத்தமானது. ஆசிரியர் இகழ்ச்சியாகக் கண்டதைத் தொழிலறிவாகக் காண மாதிரி நமக்கு உதவுகிறது.

எந்தக் கப்பல்?

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தோணியின் மாதிரியைச் செய்து, 'மலாயாவுக்கு நம் முன்னோர் வந்த கப்பல்' எனப் பெயரிடுதல் பிழையாகும். எடி கூறும் தோணி பெரிதும் சென்னை, இலங்கைக் கரைகளிடையே இயங்கியது. 1786இல் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றம் தோன்றியபின் நாகப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து மக்களையும் சரக்குகளையும் கொண்டு வந்தவை வேறு வகை மரப் பாய்க்கப்பல்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றின் இடத்தை நீராவிக் கப்பல்கள் பிடித்தன.

கேமரன் மலையில் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். அதற்கு முன்னரே, 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆகவே, அத்தேயிலைத் தோட்டங்களின் முதல் தலைமுறையினருள் தமிழகத்திலிருந்து நேரே வந்தோர் இரும்புக் கப்பலில் வந்தவர்களே. 1910இல் முடிவுற்ற ஒப்பந்தக் கூலிமுறையின் தொடக்க காலத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தோரே மரக்கப்பலின் துன்பத்தை அறிந்தவர்கள். இவ்விரு பயணங்களையும் ஒன்றாக்கிக் கூறினால் இரு தலைமுறையினரின் பட்டறிவும் மங்கிவிடும்.

மரக்கப்பல் கட்டும் தமிழர் மரபு நீராவிக் காலத்தோடு அற்றுப்போகவில்லை என்பதும் நினைக்கத்தக்கது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்ற பெயருடன் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது.

கைவினைஞரின் அறிவுப் பரிமாற்றம்

மாதிரி செய்வோர் தம்முள் பகிர்ந்துகொள்ளும் அறிவுரைகள் புதிய வழக்கமல்ல. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் வெளியிட்ட 'கப்பல் சாத்திரம்', ஏரா எனப்படும் அடிமரத்தின் அளவு முதலிய கட்டுமான விதிகளைக் கூறும் நூலாகும். தொழில் செய்வார் தொழில் கற்பார்க்கு உரைத்த அறிவுரையின் ஏட்டு வடிவமாகவே அதனைக் கருதலாம்.

இன்றைய கைவினைஞர்க்கும் பயன்படும் செய்திகள் சில உள. தேக்கு கப்பலுக்குச் சிறந்தது. ஆனால் அதன் தடித்த மரவரி சிறு மாதிரியில் அளவுக்கு மீறித் தோன்றும். நம் நாட்டு ஜெலுத்தோங் மரம் மென்மையும் சீரான இழையும் உடையதாதலால் மாதிரி வேலைக்கு உகந்தது. மெல்லிய பலகைகளை வெந்நீரில் ஊறவைத்தால் முறியாமல் வளைக்கலாம்.

இவற்றினும் முதன்மையானது கட்டுமுறை. ஐரோப்பிய மாதிரி வழிகாட்டிகள் பெரும்பாலும் முதலில் வங்குகளை நிறுத்திப் பின்னர்ப் பலகை பொருத்துமாறு கூறும். சென்னைக் கரையின் மசூலாப் படகிற்கோ வங்கே இல்லை. பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டன. அலை மோதும்போது நெகிழ்ந்து கொடுப்பதற்காக அமைந்த முறை இது. மதராஸ் மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய வேறுபாடுகளை உணர்த்தும். வங்கு வைத்துச் செய்த மசூலா, பார்வைக்கு அழகாயினும், சான்றாகாது.

முடிவுரை

மரக்கப்பல் மாதிரி, அளவும் மூலமும் குறிக்கப்படும்போது ஆவணமாகிறது. அவை இல்லாதபோது அணிப்பொருளாகவே நின்றுவிடுகிறது. எனவே, ஒவ்வொரு மாதிரியுடனும் கலத்தின் வகை, அது ஓடிய வழியும் காலமும், அளவுகளுக்கு ஆதாரமான வரைபடம் ஆகிய மூன்றையும் எழுதி வைத்தல் வேண்டும். கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளிகளில் பாய்க்கப்பல் ஒன்றும் ரஜூலா ஒன்றுமாக இரு மாதிரிகளை ஒரே அளவு விகிதத்தில் செய்து அருகருகே வைப்போமாயின், தம் முன்னோர் எக்கப்பலில் வந்தனர் என்று வீட்டாரைக் கேட்டறியும் ஆர்வம் மாணவரிடம் எழும். அவ்வினாவிற்கு விடை கூறக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆதலின் இப்பணியைத் தமிழாசிரியர்கள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளல் நலம்.