கூட்டுப்பொருள் அழுத்தக் கலன்: ஊவா மாகாண நீர்ச் சுத்திகரிப்பில்

கூட்டுப்பொருள் அழுத்தக் கலன் என்பது கண்ணாடி இழையையும் எப்பொக்சி போன்ற ரெசினையும் சேர்த்துச் செய்யப்படும், அழுத்தத்துடன் நிற்கும் நீரை உள்ளே அடக்கி வைக்கும் உருளைக் கலனாகும். மணல் வடிகட்டி, காபன் வடிகட்டி, நீர் மென்மையாக்கி ஆகியவற்றின் உடல் பெரும்பாலும் இதுவே. பைப் வேலை செய்பவர்கள் இதைப் பைபர் தாங்கி என்பார்கள். ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) நிலையங்களில் மென்சவ்வுகளை உள்ளடக்கிப் படுக்கையாகக் கிடக்கும் நீண்ட வெள்ளைக் குழாயும் இந்த இனத்தைச் சேர்ந்தது. இலங்கையின் ஊவா மாகாணத்தில் மேட்டு நிலத் தோட்டங்களுக்குப் பொருந்துவது முதல் வகை. மகியங்கனைப் பக்கத்துச் சமநிலத்துக்கு வேண்டியது இரண்டாவது.

இரண்டு வகை நீர்

பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. பண்டாரவளை 1,230 மீற்றர், அப்புத்தளை 1,430 மீற்றர், நமுனுகுலை உச்சி 2,000 மீற்றருக்கும் மேல். அதே பதுளை மாவட்டத்தின் வடக்கில் மகியங்கனை 100 மீற்றரை ஒட்டிய தாழ்நிலம். நீரின் குணமும் இந்த உயரத்தோடு சேர்ந்து மாறுகிறது.

பசறை, லுணுகலை, தெமோதரை, அப்புத்தளைத் தோட்டங்களில் மலை ஊற்றையோ ஓடையையோ மேலே மறித்து, குழாய் வழியாக லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) இறக்குவதுதான் நெடுநாள் வழக்கம். பம்பு தேவையில்லை. பீலியில் விழுவதும் லயத்து வாசல் குழாயில் வருவதும் அந்த நீர்தான். இதில் உப்பு குறைவு. கலங்கலும் கிருமியும்தான் தொல்லை. மழைக்காலத்தில் தேயிலை மலையின் மண் கரைந்து வருகிறது. ஊற்றுக்கு மேலே மாட்டுப்பட்டியோ கழிவறைக் குழியோ இருந்தால் அதுவும் சேர்ந்து வருகிறது. பெரும்பாலும் மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட நீர் என்பதால் இரும்புக் கலன்களையும் நாகம் பூசிய குழாய்களையும் அரிக்கும். வெலிமடை, பதுளைப் பக்கங்களில் பளிங்குச் சுண்ணாம்புப் பாறைப் பட்டிகள் ஓடும் இடங்களில் மட்டும் கடினத்தன்மை தலைகாட்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தரும் மணம் ஏறுகிறது. அதே காற்றில்தான் ஊற்றுகளும் மெலிகின்றன. 2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டச் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்ததை அடுத்து பண்டாரவளையைச் சுற்றிய கிணறுகளும் ஊற்றுகளும் வற்றியபோது, மேட்டு நிலத்தில் நீர் எவ்வளவு நிச்சயமற்றது என்பது ஊரறிந்த செய்தியானது.

தாழ்நிலத்துக் கதை வேறு. மகாவலி சி வலயத்தைச் சேர்ந்த கிராந்துருகோட்டையும், ரிதீமாலியத்தையின் சில பகுதிகளும், காரணம் உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படும் இடங்கள். அங்குள்ள கிணற்று நீரில் கடினத்தன்மையும் புளோரைட்டும் மிகுதி. இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614, கடினத்தன்மைக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராமையும் புளோரைட்டுக்கு 1 மில்லிகிராமையும் உச்ச அளவாக வைக்கிறது. நோய்க்கு நீர்தான் காரணமா என்ற விவாதம் முடியவில்லை. அது முடியும்வரை காத்திருக்க முடியாது என்பதால் ஆர்.ஓ. நிலையங்கள் நிறுவப்பட்டன. இலங்கைக் கடற்படை 2015 இறுதியிலிருந்து நோய் பரவிய மாவட்டங்களில் இத்தகைய நிலையங்களைத் தன் ஆட்களைக் கொண்டே அமைத்து வந்தது.

வடிவமைப்பு

அழுத்தம் ஏறிய உருளையின் சுவரில் சுற்றுவட்டத் திசையில் வரும் தகைப்பு, நீளவாட்டுத் தகைப்பைப் போல் இரு மடங்கு. உருக்குத் தகடு எல்லாத் திசைக்கும் ஒரே வலிமை கொண்டது. ஆகவே நீளவாட்டில் பாதி வலிமை வீணாகிறது. இழையை வேண்டிய திசையில் வேண்டிய அளவு மட்டும் வைக்கலாம் என்பதே கூட்டுப்பொருளின் சிறப்பு. முழுச் சுமையையும் இழையே தாங்குவதாகக் கொண்டால், கலனின் அச்சுக்கு 54.7 பாகையில் சுற்றிய இழை இரு திசைத் தகைப்பையும் சரியாகப் பகிர்ந்துகொள்ளும். நடைமுறையில் சாய்ந்த சுற்றுகளையும் ஏறக்குறைய நேர்குறுக்கான வளையச் சுற்றுகளையும் அடுக்கடுக்காகக் கலக்கிறார்கள்.

சுமை எவ்வளவு என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். சந்தையில் 1054 என்று கேட்டு வாங்கும் கலனுக்கு 10 அங்குல விட்டம், 54 அங்குல உயரம். அதன் உச்ச இயக்க அழுத்தம் வழக்கமாக 150 பி.எஸ்.ஐ., அதாவது 10 பாருக்குச் சற்று மேல். அந்த அழுத்தத்தில் மேல் குவிமாடத்தை நீர் தள்ளும் விசை 5 தொன்னைத் தாண்டும். வெறும் கலனையோ ஒருவர் தோளில் வைத்துத் தூக்கிப் போகலாம். லொறி நிற்கும் இடத்திலிருந்து லயத்துக்குப் படிக்கட்டில் மட்டுமே போக முடிகிற தோட்டங்களில் இது சின்ன விடயமல்ல.

கண்ணாடி இழை அறுவதற்கு வெகு முன்பே ரெசினில் நுண்விரிசல் விழும். அதன் வழியே நீர் வியர்த்துக் கசியும். இதைத் தடுக்கவே வடிகட்டிக் கலன்களுக்கு உள்ளே பொலித்தீன் உட்கூடு வைக்கிறார்கள். நீரைத் தடுப்பது உட்கூடு, அழுத்தத்தைத் தாங்குவது இழை. துருப்பிடிக்க எதுவும் இல்லாததால் மலைநாட்டு அமில நீர் இதை ஒன்றும் செய்வதில்லை. வெப்பம்தான் எல்லை: பொதுவாக 49 பாகை செல்சியசுக்கு மேல் போகக் கூடாது.

தயாரிப்பு

இழைசுற்று முறை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஏவுகணைத் துறையில் வளர்ந்தது. 1960களின் போலாரிஸ் ஏ-3 ஏவுகணையின் உடல் கண்ணாடி இழை சுற்றிச் செய்ததுதான். அந்தப் பத்தாண்டுக்குச் சற்று முன் கலிபோர்னியாவில் சிட்னி லோப்பும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் செயலுக்கு உகந்த ஆர்.ஓ. மென்சவ்வை உருவாக்கினர். மென்சவ்வைத் துருப்பிடிக்காத, உயர் அழுத்தம் தாங்கும் கூட்டுக்குள் அடைக்க வேண்டிவந்தபோது இரண்டு தொழில்நுட்பங்களும் கைகோத்தன.

ஊவாவில் இக்கலன்கள் செய்யப்படுவதில்லை, வெளிநாடுகளிலிருந்தே வருகின்றன. அருகிலுள்ள பெரிய ஆலைகளில் ஒன்று இந்தியாவின் கோவா மாநிலத்தில் வேர்ணாவில் உள்ள பென்டேர் நிறுவனத்தினுடையது. சீனத் தயாரிப்புகளும் தாராளமாகக் கிடைக்கின்றன.

வடிகட்டிக் கலனுக்கு முதலில் பொலித்தீன் உட்கூட்டை வார்த்து, அதையே அச்சாகச் சுழல விடுவார்கள். முறுக்கில்லாக் கண்ணாடி இழைக் கற்றைகள் ரெசின் தொட்டியில் நனைந்து, முன்னும் பின்னும் ஓடும் வண்டியின் கண்ணி வழியே இழுவிசையுடன் வந்து படியும். சுழற்சிக்கும் வண்டி ஓட்டத்துக்கும் உள்ள விகிதமே சுற்றுக் கோணம். இழுவிசை தளர்ந்தால் இழை சுருண்டு கிடக்கும். மிகுந்தால் ரெசின் பிழிந்து வெளியேறி வறண்ட இடம் உண்டாகும். பிறகு சூளையில், ரெசின் ஒரு பக்கம் வடிந்துவிடாதபடி சுழற்றிக்கொண்டே இறுக வைப்பார்கள்.

ஆர்.ஓ. கலனில் உட்கூடு இல்லை. மெருகேற்றிய உருக்கு உருளையின் மேல் சுற்றி, இறுகிய பின் உருளையை உருவி எடுப்பார்கள். உட்பரப்பு வழவழப்பாக இல்லாவிட்டால் மென்சவ்வின் இறப்பர் வளையம் நீரை விட்டுவிடும். அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் பத்தாம் பிரிவு விதிப்படி, மாதிரிக் கலன் ஒன்று 1,00,000 முறை அழுத்தம் ஏறி இறங்கிய பின்னும் வடிவமைப்பு அழுத்தத்தின் 6 மடங்கைத் தாங்க வேண்டும். விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு கலனும் 1.1 மடங்கு அழுத்தத்தில் நீர் நிரப்பிச் சோதிக்கப்படும்.

மலைச்சரிவில் கலன்

தொழிற்சாலைச் சோதனையில் தேறிய கலன் தோட்டத்தில் உடைகிறதென்றால், பெரும்பாலும் குற்றவாளி சரிவுதான். விலைப்பட்டியல்களில் இதற்கு இடமில்லை. எனவே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு 10 மீற்றர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கூடும். ஊற்று லயத்துக்கு 100 மீற்றர் மேலே இருந்தால், குழாய்களை மூடியிருக்கும் இரவு நேரத்தில் கலன்மேல் நிற்பது ஏறத்தாழ 9.8 பார். அதாவது அதன் உச்ச எல்லையை ஒட்டி. பகலில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கையில் மானி 3 பார்தான் காட்டும். அதை நம்பிக் கலனைத் தேர்ந்தால் ஏமாற வேண்டியதுதான். வழியில் மூடியில்லாத அழுத்தம் குறைக்கும் தொட்டி ஒன்றைக் கட்டி, அங்கிருந்து 30, 40 மீற்றர் மட்டும் இறக்கி வடிகட்டிக்குக் கொடுப்பதே சரி.

அடுத்தது நீரடி. நொடிக்கு 1 மீற்றர் வேகத்தில் வரும் நீரைச் சட்டென்று மறித்தால், இரும்புக் குழாயில் 12, 13 பார் அளவுக்கும், பி.வி.சி. குழாயில் 4 பார் அளவுக்கும் கூடுதல் அழுத்தம் ஒரு கணம் பாயும். கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினாலே மூடிக்கொள்ளும் பந்து வால்வுகள் இதற்குப் பேர் போனவை. மெதுவாகத் திருகி மூடும் வால்வு வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

மூன்றாவதைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை: வெற்றிடம். வெளியே தள்ளும் அழுத்தத்துக்காகச் செய்த கலன், உள்ளே இழுக்கும் விசைக்கு எளிதில் தோற்கும். இவ்வகைக் கலன்களுக்குத் தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் வெற்றிடம் 5 அங்குலப் பாதரசம் அளவே. நீரில் சொன்னால் ஒன்றே முக்கால் மீற்றர் இறக்கம். ஊற்றுப் பக்கத்து வால்வை மூடிவிட்டு, கீழ் லயத்துக் குழாயைத் திறந்து விட்டால் போதும். இறங்கும் நீர்த்தூண் கலனை உறிஞ்சும். உட்கூடு இழைச் சுவரை விட்டுப் பிரிந்து உள்ளே மடியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறலும் தெரியாது. சில நாளில் கழுத்தடியில் கசிவு தொடங்கும். கலனுக்கு முன்னே ஒரு வெற்றிட முறிப்பான் (காற்றை உள்ளே விடும் வால்வு) வைத்தால் இது நேராது. கலனோடு ஒப்பிட்டால் அதன் விலை சொற்பம், ஆனால் பொருத்துவோர் குறைவு.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. கலனைச் சமமான சீமெந்துத் தளத்தில் நிமிர்த்தி, அதனுள் நிற்கும் நடுக்குழாயின் வாயை ஒட்டுநாடாவால் அடைத்த பின்னரே சரளையையும் மணலையும் கொட்ட வேண்டும். ஒரு பிடி மணல் குழாய்க்குள் போனாலும் மேல் வால்வு சிக்கும். வால்வைக் கைவலுவால் இறுக்கினால் போதும். நீரைத் தடுப்பது புரியல்ல, இறப்பர் வளையம். அதற்குச் சிலிக்கோன் மசகு தடவலாம். பெற்றோலியக் கிறீஸ் வளையத்தைக் கெடுக்கும். வெயில் படும் இடமானால் கூரை தேவை. புற ஊதாக் கதிர் ரெசினைச் சுண்ணாம்புபோல் உதிர வைத்து இழையை வெளியே காட்டிவிடும்.

10 அங்குலக் கலனில் மணிக்கு 10 மீற்றர் வடிகட்டு வேகம் வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 500 லீற்றர் நீர் கிடைக்கும். நாள் முழுதும் ஓடினால், ஆளுக்கு 50 லீற்றர் கணக்கில் ஏறத்தாழ 240 பேருக்கு, அதாவது சில லயங்களுக்குப் போதும். மணலைப் பின்னோக்கிக் கழுவ அதைப்போல் மூன்று நான்கு மடங்கு வேக ஓட்டம் வேண்டும். ஊற்று மெலிந்த ஆகஸ்ட் மாதத்தில் அந்த ஓட்டம் நேரடியாகக் கிடைக்காது; மேலே ஒரு சேமிப்புத் தொட்டி வைத்தால்தான் நடக்கும். மணல் கலங்கலைப் பிடிக்கும், கிருமியைக் கொல்லாது. குளோரீன் இடுவதோ கொதிக்க வைப்பதோ தொடரத்தான் வேண்டும்.

ஆர்.ஓ. கலன்

தாழ்நிலத்து நிலையங்களில் அழுத்தத்தைத் தருவது மலை அல்ல, பம்பு. உவர்ப்புக் குறைந்த கிணற்று நீருக்கு 8 முதல் 15 பார் வரை போதுமானது. யாழ்ப்பாணம் தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கடல்நீர் நிலையத்தைப் போன்றவற்றுக்கு இதைப்போல் பல மடங்கு அழுத்தம் வேண்டும். கிராமத்து நிலையங்களில் பெரும்பாலும் 4 அங்குல அல்லது 8 அங்குலக் கலன்கள். ஒரு மென்சவ்வின் நீளம் 40 அங்குலம். 300 பி.எஸ்.ஐ.க்கு வடிவமைத்த 8 அங்குலக் கலனின் மூடியை அந்த அழுத்தத்தில் நீர் தள்ளும் விசை 6 தொன்னுக்கு மேல். அதைத் தடுத்து வைத்திருப்பது சுவரின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் உருக்கு வளையம். மானி சுழியத்துக்கு வராமல் அந்த வளையத்தைத் தொடுவது உயிருக்கு ஆபத்து.

கண்ணாடி இழையின் விறைப்பு உருக்கில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அழுத்தம் ஏறும்போது கலன் கண்ணுக்குத் தெரியாமல் நீளும், பருக்கும். இறப்பர் மெத்தை வைத்த தாங்கிகளில் கிடத்தி, நெகிழும் இணைப்புகளால் குழாயோடு சேர்க்க வேண்டும். விறைப்பான குழாயை நேரே பூட்டினால் பக்கவாய் விரியும். இது அழுத்தக் குறையல்ல, பூட்டிய முறையின் குறை.

வெளிச்சுவரில் இழை அறுந்து தெரியும் கலனை ஒட்டுப்போட்டுத் திரும்பவும் அழுத்தத்துக்கு உட்படுத்தக் கூடாது. இறுகிய எப்பொக்சியை உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. பழைய இரும்புத் தாங்கியைச் சேர்க்கும் இரும்புக்கடைகளில் இதற்கு விலையில்லை. ஆயுள் முடிந்த கலன்களைப் பொறுப்பேற்று அகற்ற ஓர் ஏற்பாடு, கலனை வாங்கும்போதே பேசி முடிக்க வேண்டிய ஒன்று.