180 கி.மீ. வேகத்தில் சீறும் பைக்... போட்டோவில் மட்டும் ‘நிறுத்தி வச்ச’ மாதிரி தெரிவது ஏன்? ‘பேனிங்’ என்றால் என்ன?

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறக்கப்பட்ட, சுமார் 3.7 கி.மீ. நீளமுள்ள ரேஸ் டிராக்கில் பைக் பந்தயம் நடக்கும் நாட்களில் ரசிகர்களோடு கேமராக்களும் வரிசை கட்டும். ஆனால், புதிதாக படம் எடுப்பவர்களுக்கு பெரும்பாலும் இரண்டே ரகம்தான் கிடைக்கும். பைக் மொத்தமும் கலங்கி இருக்கும். இல்லையென்றால் ரோட்டோரம் நிறுத்தி வச்ச பைக் மாதிரி இருக்கும். எங்கே தப்பு நடக்கிறது?

கணக்கு இதுதான்!

180 கி.மீ. வேகத்தில் போகும் பைக், ஒரு நொடியில் 50 மீட்டரைக் கடக்கும். ஷட்டர் ஸ்பீடு 1/1000 என்றால், அந்த நேரத்தில் பைக் நகர்வது வெறும் 5 செ.மீ. சக்கரம், பின்னணி எல்லாமே உறைந்துவிடும், வேகம் தெரியாது. 1/125 என்றால் பைக் 40 செ.மீ. நகரும். கேமராவை அசைக்காமல் எடுத்தால் பைக்தான் கலங்கும்.

பேனிங் எப்படி செய்வது?

பைக்கோடு சேர்ந்து கேமராவையும் திருப்புவதுதான் பேனிங். அப்போது பைக் தெளிவாகவும், பின்னணி கோடுகளாகவும் பதிவாகும்.

* படம் எடுக்கப்போகும் இடத்தை நோக்கி கால்களை ஊன்றி, இடுப்பை மட்டும் பைக் வரும் பக்கம் திருப்ப வேண்டும்.

* ஆட்டோ ஃபோகஸை ‘கன்டினியூவஸ்’ மோடில் வைத்து, ரைடரின் ஹெல்மெட்டை குறிவைத்து பின்தொடர வேண்டும்.

* பைக் நேர் எதிரே வரும்போது பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தியதும் கையை நிறுத்தக்கூடாது. கிரிக்கெட்டில் ஷாட் அடித்த பிறகும் பேட் சுழல்வது போல, கேமரா தொடர்ந்து திரும்ப வேண்டும்.

* முதலில் 1/500, கை பழகியதும் 1/250, பிறகு 1/125 என இறங்கலாம். வெயிலில் ஐஎஸ்ஓ 100 போதும்.

நேராக வரும் பைக்கிற்கு பேனிங் சரிப்படாது. அதற்கு 1/1000 அல்லது அதற்கு மேல் வைக்கலாம். வளைவில் ரைடர் சாய்ந்து, முழங்கால் தரையை உரசும் தருணமே அங்கு வேகத்தைச் சொல்லிவிடும்.

எங்கே நிற்கக்கூடாது?

வளைவில் கட்டுப்பாட்டை இழக்கும் பைக் பெரும்பாலும் வெளிப்பக்கமாகத்தான் சறுக்கி வரும். அனுமதி பாஸுடன் வேலியைத் தாண்டி உள்ளே நிற்பவர்கள் இதை மறக்கவே கூடாது. டிராக்குக்கு முதுகு காட்டி நின்று, எடுத்த படங்களைப் பார்ப்பதும் ஆபத்து. ஃபிளாஷ் ரைடரின் கவனத்தைச் சிதறடிக்கும் என்பதால் வேண்டவே வேண்டாம். மார்ஷல் ‘நகருங்க’ என்றால், எவ்வளவு நல்ல ஷாட்டாக இருந்தாலும் உடனே நகர்ந்துவிட வேண்டும்.

வீட்டுப் பக்கத்திலேயே பழகலாம்

பேனிங் பழக ரேஸ் டிராக்தான் வேண்டும் என்றில்லை. நடைபாதையில் பாதுகாப்பாக நின்றபடி, தெருவில் போகும் சைக்கிளை 1/30-ல் எடுத்துப் பார்க்கலாம். ஷட்டர் ஸ்பீடை மாற்றும் ‘புரோ மோட்’ இருந்தால் மொபைலே போதும். ஆரம்பத்தில் பத்து படத்தில் ஒன்று தேறினாலே நல்ல தொடக்கம்தான்!