டெரஸ்: ரயில் உண்டாக்கி, ரயிலே கைவிட்ட ஊர்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வடமேற்குப் பாலைவனத்தில், டெரஸ் என்று ஒரு ஊர் இருந்தது. இன்னைக்கு அங்கே மிச்சம் இருப்பது லோகோ ஷெட்டின் அஸ்திவாரம், உடைந்த செங்கல், கண்ணாடிச் சில்லு, தண்டவாளம் இல்லாத ஒரு மண்மேடு. அவ்வளவுதான்.

1869-ல் சென்ட்ரல் பசிபிக் கம்பெனி இந்த ஊரை உருவாக்கியது. அந்த இடத்தில் ஆறு கிடையாது, விவசாயம் கிடையாது. அப்புறம் ஏன் அங்கே? நீராவி எஞ்சினுக்குத் தண்ணீரும் எரிபொருளும் வழியெல்லாம் வேணும். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பழுது பார்க்கணும். அதற்காக 16 எஞ்சின்கள் நிற்கும் ஷெட், பட்டறைகள். மலை ஊற்றுத் தண்ணீரை மரக் குழாய்களில் மைல்கணக்கில் கொண்டுவந்தார்கள். கடைகள், ஹோட்டல், நூலகம்கூட வந்தது. பக்கத்திலேயே சீனர் குடியிருப்பும் வந்தது.

யார் இந்தச் சீனர்கள்? சென்ட்ரல் பசிபிக் பாதையைப் போட்டவர்களில் பெரும்பகுதி இவர்கள்தான், பத்தாயிரத்துக்கும் மேல். சம்பளப் பதிவேடுகளில் பெரும்பாலும் குழுத்தலைவர் பெயர் மட்டும் இருக்கும். ஆட்களின் பெயர் இருக்காது. 1869 ஏப்ரல் 28-ல் ஒரே நாளில் பத்து மைல் பாதை போட்டு சாதனை செய்தார்கள். தண்டவாளம் தூக்கிய எட்டு ஐரிஷ்காரர்களின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. அன்று கூடவே உழைத்த சீனர்களின் பெயர்கள்? எங்கேயும் இல்லை.

பாதை முடிந்தபின் சிலர் பராமரிப்பு வேலைக்கு டெரஸிலேயே தங்கினார்கள். 1875-ல் வந்த பேஜ் சட்டத்தால் சீனப் பெண்கள் வருவது கிட்டத்தட்ட நின்றது. 1882 சட்டம் சீனத் தொழிலாளிகள் வரவே தடை போட்டது. குடும்பம் அமைக்க வழியில்லை என்றால் ஒரு ஊரின் கதையை அடுத்த தலைமுறைக்கு யார் சொல்வது? இதுதான் விஷயத்தின் மையம்னு எனக்குத் தோணுது.

1904-ல் சதர்ன் பசிபிக் கம்பெனி, உப்பு ஏரியின் குறுக்கே மரப்பாலமும் கரையும் போட்டு லூசின் குறுக்குப்பாதையைத் திறந்தது. சுமார் 70 கிலோமீட்டர் மிச்சம். செங்குத்தான ஏற்றங்களும் இல்லை. முக்கிய ரயில்கள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. பட்டறைகள் இடம் மாறின, பின்னாலேயே ஜனங்களும் போனார்கள். எங்க சாஃப்ட்வேர் பாஷையில் இதை சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெய்லியர் என்போம். ஊருக்கு இருந்த ஒரே காரணம் போனது, ஊரும் போனது. 1942-ல் போர்த் தேவைக்காகப் பழைய பாதையின் தண்டவாளங்களையும் பிடுங்கி எடுத்தார்கள்.

சமீப வருடங்களில் தொல்லியலாளர்கள் அங்கே தோண்டி, ஒரு சீனரின் வீட்டுத் தடயங்களை வெளியே எடுத்திருக்கிறார்கள். பதிவேட்டில் பெயர் எழுதாமல் விட்டவர்கள் சாப்பிட்ட கிண்ணத்தின் ஓடு மண்ணில் அப்படியே இருந்திருக்கு, பாருங்க. கம்பெனி ஆவணத்தை மட்டும் படித்தால் டெரஸ் எஞ்சின்களின் ஊர். மண்ணையும் சேர்த்துப் படித்தால்தான் அது மனிதர்களின் ஊர். வரலாற்றில் ஆர்வமுள்ள நண்பர்கள் அடுத்தமுறை ஒரு பழைய பதிவேட்டைப் பார்க்கும்போது, அதில் யார் பெயர் விடுபட்டிருக்குன்னும் கொஞ்சம் தேடிப் பாருங்கள்.